குறுக்கே ஒரு கோடு

என் சமையலறை மேசையில் மதாமின் எழுதுபலகை கிடக்கிறது. மேலே துருப்பிடித்த கிளிப், ஒரு மூலை உடைந்த பழுப்புப் பலகை, ஓரத்தில் துளை போட்டு நூலால் கட்டிய நீலப் பேனை. அந்த நூல் பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இனிப்புப் பெட்டிக்குச் சுற்றித் தருகிற நூல். வருகிறவர்கள் எல்லாரும் பேனையை மறதியாகச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று ஒருநாள் மதாமுக்குக் கோபம் வந்து, லட்டுப் பெட்டியின் நூலைப் பிரித்துத் தன் கையாலேயே கட்டினார். முடிச்சைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். இத்தனை பெரிய படிப்புப் படித்த மனுசிக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லை. நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டிபட்ட மாதிரி வைத்திருந்தார். ஆனால் அந்த முடிச்சு இத்தனை வருடமும் அவிழவில்லை. போன மாதம் அவருடைய மகள் இதைக் கொண்டுவந்து என் கையில் தந்தபோது நான் முதலில் தடவிப் பார்த்தது அதைத்தான். கிளிப்பில் ஒரு தாளும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரான்சில் மதாம் என்பது யாரையும் கூப்பிடுகிற சொல். லா சப்பல் மரக்கறிக் கடைக்காரர் காலையிலிருந்து பின்னேரம் வரை மதாம், மதாம் என்று தொண்டை வரளக் கூப்பிடுவார். எனக்கோ மதாம் என்றால் ஒரே ஒரு ஆள்தான். புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த தகப்பனோடு பதினேழு வயதில் பாரிசுக்கு வந்து, படித்துப் படித்துப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் ஆனவர். மனச்சோர்வு நோய்க்கு என்ன செய்யலாம் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. ஒரு முறை வந்து போய்விட்டது என்று ஆள் நிம்மதியாக இருக்கும்போது மறுபடியும் வந்து படுக்கையில் தள்ளுகிற சோர்வு. தலைகால் தெரியாத சந்தோசத்தில் பறந்துவிட்டுப் பிறகு பல்லுத் தீட்டக்கூட எழும்ப முடியாமல் கிடக்கிற நோய். இவற்றுக்கு மருந்து எவ்வளவு தூரம் உதவும், பேச்சு எவ்வளவு தூரம் உதவும் என்று முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தை அவர் ஒருநாளும் பழித்துப் பேசியதில்லை. ஆனால் அவருடைய பிடிவாதம் வேறு. "மனசு சரியான அப்புறம் எழுந்துக்கலாம்னு காத்துக்கிட்டிருந்தா காத்துக்கிட்டேதான் இருப்போம். மொதல்ல கால கீழ வைக்கணும். மனசு மெதுவா பின்னாடி வரும்" என்பார்.

ஐம்பது வயதுக்குப் பிறகுதான் அவர் இலங்கையிலிருந்து வந்த எங்கள் பக்கம் திரும்பினார். அவர் ஆராய்ச்சி செய்த ஆஸ்பத்திரி வடக்குப் பாரிசில் இருந்தது. யன்னலால் பார்த்தால் தமிழ் ஆட்கள் சாமான் பைகளோடு போய்வருவது தெரியுமாம். ஆனால் நோயாளிகளின் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை. "இவங்களுக்கெல்லாம் சோகமே வராதா?" என்று கேட்டு, ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அறையை எடுத்தார். கீழே மிளகாய் வறுத்தால் மேலே நாங்கள் தும்முவோம். தமிழும் பிரெஞ்சும் தெரிந்த ஆள் தேவை என்று கடைக் கதவில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்துத்தான் நான் போனேன். அப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் அரைநாள் வேலை. பிள்ளைகளை வளர்த்ததிலும், எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்குக் படிவம் நிரப்பிக் கொடுத்ததிலும் வந்த பிரெஞ்சு என்னுடையது. இலக்கணம் இல்லை, வாய் இருந்தது.

"உங்களுக்கு பொறுமை இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லை மதாம். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்."

சிரித்தார். "பரவால்ல. உண்மைய சொல்றீங்க. எனக்கு அதுதான் வேணும்." அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும்.

வேலை இதுதான். மனம் சோர்ந்த ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் பன்னிரண்டு கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை ஒரு இலக்கம் போடவேண்டும். நித்திரை, பசி, களைப்பு, அழுகை என்று போய், பன்னிரண்டாவதாக, கடந்த இரண்டு கிழமையில், பதினாலு நாளில், சாகவேண்டும் என்று நினைத்தீர்களா என்ற கேள்வி. பிறகு ஆட்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி உடனே மதாமின் வகுப்பில் சேரும். வகுப்பில் ஒவ்வொரு கிழமையும் ஆளாளுக்கு ஒரு சின்ன அலுவல் கொடுப்பார்: கால்வாய்க் கரையில் நட, தம்பிக்கு ஒரு போன் எடு, ஒரு ஆளுக்காவது சமைத்துக் கொடு. மற்றப் பாதி மூன்று மாதம் காத்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் சுகம் வகுப்பால் வந்ததா, சும்மா காலம் போனதால் வந்ததா என்று தெரியுமாம். காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. பன்னிரண்டாம் கேள்விக்கு யாராவது ஓம் என்று சொன்னால் அவருக்குக் காத்திருப்புக் கிடையாது. அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

மதாமிடம் இன்னொரு சட்டம் இருந்தது. அந்த அறையில் அழிறப்பர் இருக்கக் கூடாது. வெள்ளை மை கூடாது. "தப்பா எழுதிட்டா அழிக்காதீங்க. குறுக்க ஒரு கோடு. ஒரே கோடு. பழைய பதில் அடியில தெரியணும். பக்கத்துல புது பதில், கையெழுத்து, தேதி. மனுசன் மொதல்ல என்ன சொன்னான், அப்புறம் என்ன சொன்னான், ரெண்டும் எனக்கு வேணும்." முதல் கிழமை நான் பழக்கதோசத்தில் ஒரு இலக்கத்தைக் கிறுக்கி மறைத்துவிட்டேன். அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என்னத்த பொதச்சீங்க இங்க?" என்று கேட்டார்.

அறைக்குப் பெயர்ப் பலகை வைக்கவில்லை. வைத்தால் ஒரு குருவியும் வராது. விசர் டொக்டரிட்டப் போறான் என்று கதை வந்தால் மகளுக்குச் சம்பந்தம் வருமா என்று யோசிக்கிற சனம் நாங்கள். அதனால் எல்லாரும் அதை மதாமின்ர வகுப்பு என்றே சொன்னார்கள். சும்மா சொல்லக் கூடாது, அவர் ஆட்களோடு பழகுவதில் கெட்டிக்காரி. எங்கள் பேச்சைக் கேலி செய்வார். "நீங்க ஓம்னு சொன்னா எனக்கு யாரோ மந்திரம் ஆரம்பிக்கற மாதிரி இருக்கு." நாங்கள் விடுவோமா? அவர் சந்திப்பு நேரத்தை 'ரான்தேவு' என்றும், காகிதக் கட்டை 'தொசியே' என்றும் சொல்லிவிட்டு அதுதான் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லிச் சிரிப்போம்.

பிழை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். மூன்றாவதோ நாலாவதோ ஆளாக ஒரு அம்மா வந்தார். கோயிலுக்குப் போய் மகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு நேரே வந்திருந்தார். நெற்றியில் ஈரம் காயாத சந்தனம். பதினொரு கேள்வியும் கேட்டு முடித்தேன். பன்னிரண்டாவதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, பிள்ளைக்குப் பூசை செய்துவிட்டு வந்த மனுசியிடம் சாக நினைத்தனீங்களோ என்று எந்த வாயால் கேட்பது? என் அம்மா இருந்திருந்தால் வாயில் போட்டிருப்பா. பூச்சியம் போட்டேன். பிறகு அடுத்த ஆளுக்கும் போட்டேன். ஊர்க்காரர், தெரிந்த முகம், வயதுக்கு மூத்தவர், யாரோ ஒருவருடைய மாமியார். அவர்கள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படியே இருபது பேருக்கு மேல் போய்விட்டது. என் தாள்களில் பன்னிரண்டாம் பெட்டி முழுக்கப் பூச்சியமாக இருந்தது.

சார்செல் அண்ணை அப்படி வந்தவர்களில் ஒருவர். சொந்தம் இல்லை. என் கணவரும் நானும் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது எங்களை ஏற்றுக்கொண்டவர். பாரிசுக்கு வெளியே சார்செலில் பதினோராம் மாடியில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு அறை. கட்டிலை எங்களுக்குத் தந்துவிட்டு ஏழு மாதம் குசினித் தரையில் படுத்தார். உணவகத்தில் கோப்பை கழுவி அவருடைய விரல்நகங்கள் வெளிறிப் போயிருக்கும். மனைவியைக் கூப்பிடுவதற்கு விசாவுக்காகப் பத்து வருடத்துக்கு மேல் அலைந்தார். காகிதம் சரிவந்த வருடம் அந்த அக்கா ஊரில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டா. பிறகு அவர் மெல்ல மெல்லக் கதை குறைந்து, கொண்டாட்டங்களுக்கு வராமல், தாடியோடு திரியத் தொடங்கினார். கடையில் கண்டு, மதாமின் வகுப்புக்கு வாங்கோ என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்ததே நான்தான்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. திருநீறு பூசி, சேவ் எடுத்து, கோயிலில் கொடுத்த அவலை ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் எனக்கென்று கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் "அப்பிடிப் பெரிசா ஒண்டும் இல்லைத் தங்கச்சி" என்றார். பதினோராவது, நீங்கள் மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தீர்களா என்பது. அவர் யன்னலைப் பார்த்தார். தெரு முனையில் மேற்பாலத்தில் மெத்ரோ போனது. அது போய் முடிந்த பிறகு, "அதைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறது" என்றார். நான் ஒரு இரண்டு போட்டேன். தாளைத் திருப்பினேன். பன்னிரண்டுக்குப் பூச்சியம் போட்டேன்.

"முடிஞ்சுதோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை, முடிஞ்சுது."

அவர் எழும்பவில்லை. "பன்னிரண்டு கேள்வி எண்டு முதல் வந்த பெடியள் சொன்னவங்கள். பதினொண்டுதானே வந்துது?"

அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஆனாலும் வாய் தன் பாட்டில் சொன்னது. "அது அவ்வளவு முக்கியமில்லை அண்ணை. உங்களுக்குத் தேவையில்லாதது."

"அப்பச் சரி" என்றார். கதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார். சீட்டில் அவருக்குக் காத்திருப்புப் பக்கம் விழுந்தது.

ஐந்து கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கீழே கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரரின் மனைவி பக்கத்தில் வந்து தோளைத் தொட்டா. "அக்கா, உங்கட சார்செல் அண்ணை போயிட்டாராம்." என்ன நோயாம், என்ன வருத்தமாம் என்று கேட்டேன். அவ நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "தானாத்தான் போனவராம்" என்றா. வெங்காயப் பையை அப்படியே வைத்துவிட்டு, பள்ளிக்கூட வேலைக்கும் போகாமல், மதாமின் பல்கலைக்கழக அறைக்கு நடந்தே போனேன். ஒரு மணித்தியால நடை. வழி முழுக்கப் பதினொண்டுதானே, பதினொண்டுதானே என்று காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணையிடம் மட்டுமில்லை, சந்தனப் பொட்டு அம்மாவிலிருந்து யாரிடமும் கேட்கவில்லை என்று சொன்னேன். மதாம் என்னை ஆறுதல்படுத்துவார் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவர் முகம் சாம்பல் மாதிரி ஆனது. "இன்னைக்கு என் முன்னாடி உக்காராதீங்க. போங்க. நாளைக்கு வாங்க" என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசியது அந்த ஒரு தரம்தான். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மறுநாள் போனேன். மேசையில் என் தாள்கள் எல்லாம் அடுக்கியிருந்தன. பக்கத்தில் அவர் ஒரு மாநாட்டில் வாசித்த கட்டுரை. ஒரு பந்தியை விரலால் காட்டி, தமிழில் எனக்குச் சொன்னார். இந்தச் சமூகத்தில் இத்தனை துயரம் இருந்தும் சாவை நினைக்கிறவர்கள் இல்லை. கோயிலும் குடும்பமும் இவர்களைத் தாங்குகின்றன என்று எழுதியிருந்தார்.

"பாருங்க. உங்க சீரோவ வெச்சு நான் கட்டின கோபுரம் இது. முப்பது வருசமா இதே வேலை. ஒரு பெட்டியில எல்லாமே சீரோன்னா சந்தேகப்படணும்னு மொத வருச பசங்களுக்கு நானே சொல்லித் தர்றேன். எனக்கு சந்தேகம் வரல. பெருமையா இருந்துச்சு. நம்ம சனம், நம்ம தமிழங்க, பாத்தீங்களான்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க கேக்கல. நீங்க கேட்டீங்களான்னு நான் கேக்கல."

"நான் கேட்டிருந்தால் அண்ணை இருந்திருப்பாரோ மதாம்?"

"தெரியாது. அத உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு கேள்வி ஒரு உசுர புடிச்சு வெச்சுக்கும்னு சொல்ல முடியாது. ஆனா அவருக்கு பேச ஒரு எடம் இருந்திருக்கும்."

அன்றைக்கே தொடங்கினோம். வகுப்பையும் மற்ற அலுவல்களையும் நிறுத்திவிட்டு, நான் பூச்சியம் போட்ட ஒவ்வொரு ஆளிடமும் இரண்டு பேருமாகப் போனோம். சார்செல், வில்லியே லே பெல், எங்கெங்கோ மாடிக் கட்டடங்கள், லிப்ட் வேலை செய்யாத படிகள். மூச்சு வாங்க ஏறிப்போய் மன்னிப்புக் கேட்டு, பன்னிரண்டாவது கேள்வியைக் கேட்டோம். ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. ஒருவருக்கும் அது அபசகுனமாகப் படவில்லை. சந்தனப் பொட்டோடு வந்த அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை ஒருத்தரும் கேக்க மாட்டினமோ எண்டுதானே பிள்ளை இருந்தனான்" என்று சொல்லி அழுதா. அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவவோடு சேர்த்து நாலு தாளில் பூச்சியத்துக்குக் குறுக்கே கோடு விழுந்தது. அதில் ஒருவர் இப்போது லா சப்பலில் கடை வைத்திருக்கிறார். நான் போனால் ஒரு கட்டுக் கறிவேப்பிலையைப் பையில் போட்டுவிடுவார். ஏன் என்று இரண்டு பேரும் கதைப்பதில்லை.

அண்ணையின் தாள் கடைசியாக மிஞ்சியது. நான் பேனையை எடுத்துப் பூச்சியத்துக்குக் குறுக்கே கோடு போட்டு மூன்று என்று எழுதப் போனேன். மதாம் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அது நமக்கு தெரியாதும்மா. தெரியாதத எழுதக் கூடாது." பூச்சியத்தை அப்படியே விட்டு, பக்கத்தில் 'கேட்கப்படவில்லை' என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து அங்கே கோணிப்போய்க் கிடந்தது.

பிறகு அவர் செய்ததை அவருடைய சக ஆராய்ச்சியாளர்கள் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். பன்னிரண்டாம் பெட்டியைச் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மதாம் கேட்கவில்லை. பல்கலைக்கழகக் குழுவுக்கும் மாநாட்டுக்காரர்களுக்கும் கடிதம் எழுதினார்: என் ஆராய்ச்சியின் தாள்களை நம்ப முடியாது, நான் வெளியிட்ட முடிவு பிழை. எட்டு வருட உழைப்பு நடுவில் முறிந்து விழுந்தது. விசாரணை நடந்தது. ஆய்வுக்கூடத்தின் தலைமை இன்னொருவருக்குப் போனது. கடைக்கு மேலிருந்த அறையையும் அந்த வருடக் கடைசியில் பூட்டினோம். அவர் அந்தக் கடிதத்தில் என் பெயரை எழுதவில்லை. 'நான் சரிபார்க்கவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "உங்க பேர போட்டா நீங்க மட்டும்தான் தப்பு பண்ணின மாதிரி ஆயிடும். அப்புறம் அதுவும் ஒரு தப்பான தாள்" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கொஞ்சமாவது என்னைத் திட்டித் தொலையுங்கோ என்று கத்திவிட்டேன்.

திட்டவில்லை. வேறு வேலை செய்தார். பல்கலைக்கழகத்தில் அவருக்கு மிஞ்சிய சின்ன அறையில் என்னைத் தன் பக்கத்தில் இருத்தினார். எதிரே இல்லை, பக்கத்தில். "அந்த கேள்விய என்கிட்ட கேளுங்க" என்றார்.

"மதாம், கடந்த ரெண்டு கிழமையில... சாகவேணும் எண்டு..."

"முழுசா."

"சாகவேணும் எண்டு நினைச்சனீங்களோ?"

"இல்ல. சீரோ. மறுபடி."

மந்தரின் தோடம்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே ஒவ்வொரு தடவையும் சீரோ, மறுபடி என்பார். என் குரல் நடுங்காமல் வர மூன்று நாள் எடுத்தது. "உங்க மூஞ்ச பாத்தா பரீட்சை எழுதற புள்ள மாதிரி இருக்கு. கேட்டா அந்த நெனப்ப அவங்க மனசுல நாமளே விதைச்சிடுவோம்னு பயம் உங்களுக்கு. அப்படி இல்லம்மா. இருக்கறது ஏற்கெனவே இருக்கு. கேட்டா அது தனியா இருக்காது. அவ்வளவுதான்." அதற்குப் பிறகு வேறு இடங்களில், வேறு மருத்துவர்களோடு மொழிபெயர்ப்பு வேலை நிறையச் செய்திருக்கிறேன். ஒருவரிடமும் அந்தக் கேள்வியை நான் விட்டதில்லை.

வருடங்கள் போயின. மதாம் ஓய்வு பெற்றார். அவருடைய கணவர் ஒரு பிரெஞ்சுக்காரர், வாய் திறக்காத நல்ல மனுசன், ஒரு கோடைகாலத்தில் இறந்துபோனார். மகள் லியோனில். மதாம் கால்வாய்ப் பக்கத்து ஐந்தாம் மாடி வீட்டில் தனியே இருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் கொண்டுபோவேன். முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு பூசைக்கு மாதா கோயிலுக்குப் போவதை விட்டார். எந்த நேரமும் கதைத்துக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. கடிதங்கள் பிரிக்காமல் கதவடியில் குவிந்தன. ஒரு ஞாயிறு நான் போனபோது பட்டப்பகலில் யன்னல் கதவுகள் பூட்டிக் கிடந்தன. மேசைக் கூடையில் மந்தரின் எல்லாம் சுருங்கிக் கல்லாய்ப் போயிருந்தது. குளிர்ப்பெட்டியைத் திறந்தால் போன கிழமை நான் கொடுத்த சோற்றுப் பெட்டி மூடி திறக்காமல் இருக்கிறது.

"சாப்பிட்டீங்களோ மதாம்?"

"சாப்டேன், சாப்டேன். நான் நல்லாதாம்மா இருக்கேன்."

எனக்கு எல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு அலுவலாகக் குறைந்துகொண்டு போவது என்று அவரே எனக்குக் காட்டித் தந்த நோய் அவருடைய வீட்டுக்குள் கிடந்தது. ஆனாலும் பாருங்கள், வாய் ஒட்டிக்கொண்டது. இத்தனை பேரிடம் கேட்ட அதே வாய். அந்தக் கேள்வியை எழுதிய ஆளிடமே போய் நான் கேட்பதா? மாதா படத்துக்குக் கீழே இருக்கிற மனுசியிடமா? அவமானப்படுத்துகிற மாதிரி ஆகாதா? பழைய சாட்டு எல்லாம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் வந்தது. குழம்பைச் சூடாக்கி வைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் பதினொண்டுதானே வந்துது என்ற குரல் கேட்டது. அடுப்பை நிறுத்தினேன். போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். எதிரே இல்லை.

"மதாம், கடந்த ரெண்டு கிழமையில சாகவேணும் எண்டு நினைச்சனீங்களோ?"

குரல் நடுங்கவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பழைய கேலிச் சிரிப்பு. "நல்லா கேக்கறீங்க. இல்ல. சீரோ போட்டுக்குங்க."

சோற்றையும் குழம்பையும் அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் குளிர்ச்சட்டையைப் போட்டு, சப்பாத்தை மாட்டி, கதவில் கை வைத்துவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார். சத்தமாக இல்லை. வகுப்பில் பிழை பிடிக்கிற அதே குரல்.

"அம்மா, குறுக்க ஒரு கோடு போட்டுடுங்க."

சப்பாத்தோடு ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடித்தேன். அத்தனை வருடத்தில் நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எவ்வளவு மெலிந்துபோயிருந்தார் என்று கைக்குத் தெரிந்தது. மகளுக்குப் போன் எடுத்தேன், அவருடைய மருத்துவருக்கு எடுத்தேன், அவர்கள் வருமட்டும் கையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து கிழமை இருந்தார். மருந்தும் எடுத்தார், பேசவும் பேசினார். திரும்பி வந்த பிறகு வியாழக்கிழமைகளில் நான் அவரைக் கால்வாய்க் கரையில் நடக்கக் கூட்டிப்போவேன். "எனக்கே என் வைத்தியமா? உங்களுக்கு கொழுப்பு அதிகம்" என்று திட்டிக்கொண்டே நடப்பார். முதல் நாள் முதல் பாலம் வரை. பிறகு இரண்டாம் பாலம். அப்படி இரண்டு வருடம் எங்களோடு இருந்தார். போன மாரிக் குளிரில் இருதய வருத்தம் வந்து, மகளும் நானும் பக்கத்தில் இருக்க, நித்திரையில் போனார்.

கிளிப்பில் இருந்த தாளைச் சொல்கிறேன் என்றேன். அது எங்கள் பழைய பன்னிரண்டு கேள்வித் தாள். மேலே மதாமின் சொந்தப் பெயர், அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவரே இருந்து நிரப்பியிருக்கிறார். பன்னிரண்டாவது பெட்டியில் ஒரு பூச்சியம். அதற்குக் குறுக்கே ஒரே ஒரு கோடு, பூச்சியம் அடியில் தெரிகிறது. பக்கத்தில் மூன்று. கீழே அவருடைய கையெழுத்து. அதற்குக் கீழே, கேட்டவர் என்று போட்டு, அவர் ஒரு கடதாசியிலும் எழுதாத என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறார்.

இன்று வெள்ளிக்கிழமை. தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. அந்தத் தாளை எத்தனையோ தரம் வாசித்துவிட்டேன். கேட்டவர் என்பது எனக்கு மதாம் கொடுத்த பெயர் என்று சந்தோசப்படத்தான் பார்க்கிறேன். ஆனால் கண் தானாக இன்னொரு தாளுக்குப் போகிறது. கோடு விழாத பூச்சியமும் என் கோணல் கையெழுத்தும் உள்ள தாள் அது. அது எந்தப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறதோ தெரியாது. சற்று முன் நூலோடு பேனையைக் கையில் எடுத்தேன். எதிரே கிடந்த கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டேன். வீட்டில் ஒருவரும் இல்லை. "அண்ணை, இன்னும் ஒண்டு இருக்கு" என்று சத்தமாகவே சொன்னேன். பன்னிரண்டாவதை முழுதாகக் கேட்டேன். கேட்டுவிட்டு, பேனையைப் பிடித்தபடி காத்திருந்தேன்.